பேன் பார்த்த தலைக்கண்ணாடி

மூக்குத்திக்குக் கல் பதிக்கக் கற்றுக்கொள்ளப் போனபோது எனக்கு வயது முப்பத்தெட்டு. ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் கண்மாய்த் தண்ணீரில் நெல் விளையும் ஊர் எங்களுடையது. கண்மாய் நிறைந்தால் நான்கு மாதம் வயலில் வேலை இருக்கும், நிறையாவிட்டால் அதுவும் இல்லை. தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு வருடம், பெண்களுக்கு ஆறு மாதம் நகைத்தொழில் பயிற்சி என்று ராமநாதபுரத்தில் ஓர் அரசுத் திட்டம் வந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"தெனமும் பஸ்ல போய்ட்டு வந்துருவியா?" என்றார்.

"வந்துருவேன்."

"அப்பப் போ."

தினமும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகலாம் என்ற ஆசைதான் முதல் காரணம் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் வகுப்பு. நாங்கள் பன்னிரண்டு பெண்கள். யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊர்ப்பேர்தான். நான் மங்கலத்தக்கா. எனக்கு இடப்பக்கம் வாலிநோக்கத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் உப்பளத்தில் வேலை பார்த்தார், அவளும் பல வருடம் உப்பு அள்ளியவள். வெயிலில் வெள்ளை உப்பையே பார்த்துப் பார்த்து, எதைப் பார்த்தாலும் கண்ணைச் சுருக்குவாள். ரொம்பச் சுருக்கினால் ஏதோ வில்லங்கம் வரப்போகிறது என்று அர்த்தம். வலப்பக்கம் திருப்புல்லாணிக்காரி. முழங்கால் தொடும் முடி, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், வாயைத் திறந்தால் பெருமாள் பேர்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் கடைத்தெருவில் கல் கட்டும் வேலை பார்த்தவர். என்னைவிட ஒரு வயது இளையவர். ஆனாலும் மாஸ்டர் மாஸ்டர்தான். வாட்ச் ரிப்பேர்காரர்கள் ஒற்றைக் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அந்தக் குழல் லென்ஸ்தான் அவருடைய ஆயுதம். கன்னத்தைச் சுருக்கி அதைப் பிடித்துக்கொண்டு, அப்படியே பேசுவார், டீ குடிப்பார், சிரிக்கக்கூடச் செய்வார். எங்களால் முடியவில்லை. ஆளுக்கு ஒன்று கொடுத்தார். கண்ணில் இடுக்கினால் மூச்சு விடும் நேரத்துக்குள் கீழே விழும். என்னுடையது முதல் வாரத்திலேயே இரண்டு முறை டீ டம்ளரில் விழுந்தது. வாலிநோக்கத்துக்காரி பிளாஸ்திரி வாங்கிவந்து கண்ணோடு சேர்த்து ஒட்டிக்கொண்டாள். சாயங்காலம் பிய்த்தபோது பாதிப் புருவம் அதோடு போய்விட்டது.

"இதுகளுக்குத் தலையில மாட்டுற கண்ணாடிதான் சரிப்படும்" என்று மாஸ்டர் மேலே எழுதிப்போட்டார்.

இதற்கிடையில் எனக்கு ஒரு பயம் இருந்தது. நான் வைக்கும் கல் எல்லாம் கோணலாகத்தான் உட்கார்ந்தது. வெள்ளித்தோட்டை அரக்குக் குச்சியில் பதித்துக்கொண்டு, சாமணம் என்கிற சின்ன இடுக்கியால் கல்லை எடுத்துக் குழியில் வைத்து, சுற்றியுள்ள கொக்கிகளை அதன்மேல் மடக்க வேண்டும். நான் மடக்கினால் கொக்கி கல்லின் முகத்தில் ஏறி உட்காரும். "உங்களுக்குக் கை நடுங்குதுக்கா" என்றார் மாஸ்டர். நாற்று நட்ட கை, களை பறித்த கை, அது நடுங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் மூன்றாம் மாத முடிவில் ஒரு பரீட்சை உண்டு, அதில் தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குப் போனால் ஜன்னலோரம் போய்விடும். அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

ஒரு நாள் திட்ட அலுவலர் ஜீப்பில் வந்து இறங்கினார். சார் என்றுதான் கூப்பிடுவோம். கெட்டவர் இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரு தாள் வேண்டும் அவருக்கு. கையில் ஓர் அட்டைப்பெட்டி. மதுரைக் கடையிலிருந்து மாதிரிக்கு மூன்று தினுசு தலைக்கண்ணாடி அனுப்பியிருந்தார்கள்.

"ஒரு வாரம் போட்டுப் பாருங்க. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. அதுல பன்னெண்டு வாங்குவோம். ஆனா எப்படி டெஸ்ட் பண்ணீங்க, ஏன் இதுதான் வேணும்னு ஒரு அறிக்கை எழுதிக் கொடுக்கணும்" என்றார். பிறகு பெட்டியில் இருந்த ஒன்றை எடுத்துத் தடவிக்கொண்டே, "எனக்கென்னமோ இதுதான் நல்லதாப் படுது. ஆனா நீங்களே சொல்லுங்க" என்றார்.

அவர் தடவியது பார்க்கவே டாக்டர் சாமான் மாதிரி இருந்தது. மூக்குக்கண்ணாடி ஃபிரேமில் இரண்டு சின்னக் குழல்கள், நடுவில் ஒரு பல்பு. பல்பிலிருந்து ஒரு ஒயர் தொங்கி ஒரு பேட்டரிப் பெட்டியில் முடிந்தது. பெட்டியைப் பேன்ட் பெல்ட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று அட்டையில் படம் போட்டிருந்தது. பன்னிரண்டு பேரில் ஒருத்தியும் பேன்ட் போடவில்லை. சேலையில் செருகினால் ஐந்து நிமிடத்தில் கொசுவம் இறங்கியது.

இரண்டாவது, எலாஸ்டிக் பட்டையில் இரண்டு வட்டக் கண்ணாடி. நான்கு ஜோடி மாற்றுக் கண்ணாடிகள் அதனுடன் வந்தன, நம்பர் போட்டிருந்தன. நாங்கள் உடனே பெரிய நம்பரைத்தான் மாட்டினோம். கல் பலாக்கொட்டை அளவுக்குத் தெரிந்தது. ஆனால் அதைப் பார்க்க மூக்கு கல்லில் இடிக்கும் அளவுக்குக் குனியவேண்டியிருந்தது. சாமணத்தை நுழைக்க இடமில்லை. பட்டை வேறு முடியைப் பிடித்து இழுத்தது, வைத்திருந்த மல்லிகைப்பூ நசுங்கிப்போனது.

மூன்றாவதை முதலில் யாருமே தொடவில்லை. கறுப்பு பிளாஸ்டிக். வெல்டிங் பட்டறை முகமூடியைப் பாதியாக அறுத்த மாதிரி நெற்றிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முன்விளிம்பில்தான் கண்ணாடி. வேண்டாதபோது மேலே தூக்கிவிடலாம், பின்னால் இறுக்க ஒரு திருகு. நெற்றியில் படும் இடத்தில் ஸ்பாஞ்சு.

மூன்று நாள் கல்லை வைத்தே பார்த்தோம். ஆளுக்கு ஒன்று சொன்னாள். பல்பு நல்லாயிருக்கு என்று நாலு பேர், சார் சொல்லிவிட்டார் என்று மூன்று பேர், எனக்கு எதுவும் வேண்டாம், வீட்டுக்குப் போனால் போதும் என்று ஒருத்தி. நான்காம் நாள் மாஸ்டர் ஏதோ வேலையாக அலுவலகம் போயிருந்தார். வாலிநோக்கத்துக்காரி கண்ணைச் சுருக்கினாள்.

"கல்லு வச்ச எடத்துலயே கெடக்கும். அதைப் பாக்குறது ஒரு டெஸ்டா ஆத்தா? ஓடுற சாமானைப் பிடிச்சாத்தான் கண்ணாடி யோக்கியதை தெரியும்."

"ஓடுற சாமானுக்கு எங்க போறது?" என்றேன்.

அவள் திருப்புல்லாணிக்காரியின் கொண்டையைப் பார்த்தாள். திருப்புல்லாணிக்காரி இரண்டு கையாலும் கொண்டையைப் பொத்திக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் இல்லை" என்றாள்.

"அப்ப அவுக்கிறதுக்கு என்ன?"

ஜன்னல் வெளிச்சத்தில் அவளை உட்காரவைத்து முடியை அவிழ்த்தோம். முதலில் பல்புக் கண்ணாடி. வாலிநோக்கத்துக்காரி மாட்டிக்கொண்டாள், நான் பேட்டரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். வகிடு எடுத்ததும் பல்பு பளிச்சென்று விழுந்தது. இருந்த பேன் அத்தனையும் இருட்டைத் தேடி ஓடிவிட்டன. "போலீஸ் ஜீப்பு மாதிரியில்ல போகுது இது. வெளிச்சத்தைப் பாத்ததும் திருடன் ஒளிஞ்சுக்கிறான்" என்றாள். இரண்டாவதில் ஒரே ஒரு முடி தெரிந்தது, வடம் கணக்காக. பேனைப் பிடிக்க விரலைக் கொண்டுபோனால் விரல் வெள்ளரிக்காய் மாதிரி வந்து எல்லாவற்றையும் மறைத்தது.

மூன்றாவதை மாட்டினாள். ஒரு சாண் தூரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், முதுகு வளையவில்லை. வகிடு முழுக்கத் தெரிந்தது, இரண்டு கையும் தெரிந்தது. பிறகு நகத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். இன்னொரு 'டக்'. "பெருமாளே" என்றாள் திருப்புல்லாணிக்காரி. எண்ணாதே என்று அவள் கெஞ்சியும் வாலிநோக்கத்துக்காரி சத்தமாக எண்ணினாள்.

அதற்கப்புறம் யாரை விட்டது. எனக்கும் பார், உனக்கும் பார்க்கிறேன் என்று ஆளுக்கு ஆள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ரயில் மாதிரி ஆகிவிட்டோம். கண்ணாடி ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரோ பையிலிருந்து பேன்சீப்புகூட எடுத்தாள். அந்த நேரம் பார்த்து மாஸ்டர் வந்து வாசலில் நின்றார்.

"என்ன நடக்குது இங்கன?"

"டெஸ்டு மாஸ்டர்" என்றாள் வாலிநோக்கத்துக்காரி, தலையைத் திருப்பாமல்.

"என்ன டெஸ்டு?"

அவள் ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். எது வெளிச்சத்தால் கெட்டது, எது கிட்டத்தால் கெட்டது, எதில் இரண்டு கைக்கும் இடம் இருக்கிறது என்று. மாஸ்டர் ரொம்ப நேரம் யோசித்தார். "நீங்க சொல்றது சரிதான்" என்றார். "ஆனா கல்லு வைக்கிற மேசையில வச்சுக் குத்தாதீங்க."

பிறகு அவரே அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, ஸ்பாஞ்சைக்கூடத் துடைக்காமல் மாட்டிக்கொண்டு, அரைமணி நேரம் தன் வேலையைப் பார்த்தார். இருபது வருடமாக ஒற்றைக் கண்ணால் பார்த்தவர். கழற்றும்போது "ரெண்டு கண்ணாலயும் பாத்தா வேற மாதிரித்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். திருப்புல்லாணிக்காரியின் குங்குமம் ஸ்பாஞ்சில் ஊறி அவர் நெற்றியில் இறங்கியிருந்தது. அப்படியே டீக்கடைக்குப் போனார். யாரும் சொல்லவில்லை. டீக்கடையில் என்ன விசேஷம் என்று கேட்டிருப்பார்கள் போல, திரும்பி வரும்போது நெற்றி சிவக்கத் துடைத்திருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போனபோது நான் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பழைய தோடுகளை எடுத்துப் பார்த்தேன். ஐயோ என்றிருந்தது. ஒரு கல் குப்புற உட்கார்ந்திருந்தது. ஒரு கொக்கி கல்லை விட்டுவிட்டுப் பக்கத்துக் கொக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் நான் இதைத்தான் செய்து கொடுத்திருக்கிறேன். புதிதாக ஒன்று எடுத்து வைத்தேன். கல் குழிக்குள் போவதும் கொக்கி மடங்குவதும் தெரிந்தது. கை அசையவே இல்லை. கண்ணில் இருந்த குறையைப் போய்க் கையில் தேடியிருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. கண்ணாடிக்குள் கண்ணீர் பெரிதாகத் தெரியும் என்று பயந்து துடைத்துக்கொண்டேன்.

பத்தாவது வரை படித்தவள் நான்தான் என்பதால் அறிக்கை என் தலையில் விழுந்தது. சார் கொடுத்த தாளில் கேள்விகள் இருந்தன. 'பரிசோதிக்கப்பட்ட பொருள்' என்று ஒரு கட்டம். அரசாங்கத் தாளில் பேன் என்று எழுதக் கை வரவில்லை. சுற்றி நின்றவர்களைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் 'நகரும் நுண்பொருள்கள்' என்று எழுதினேன். 'எண்ணிக்கை' என்ற கட்டத்தில் வாலிநோக்கத்துக்காரி எண்ணியதை எழுதப்போனேன், திருப்புல்லாணிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். 'அதிகம்' என்று போட்டேன். 'முடிவு' என்ற கட்டத்தில் மூன்றாவது கண்ணாடி என்றும், காரணமாக, இரு கைகளுக்கும் இடம் இருப்பது, கழுத்து குனியாமல் இருப்பது, பூ நசுங்காமல் இருப்பது என்றும் எழுதினேன்.

திங்கட்கிழமை சார் வந்தார். இந்த முறை காலை ஊன்றி வைக்காமல் நொண்டிக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தாளை எழுத்துவிடாமல் படித்தார்.

"நகரும் நுண்பொருள்னா என்னம்மா?"

மாஸ்டர் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வாலிநோக்கத்துக்காரிதான் சொன்னாள்.

"பேன் சார்."

சாரும் அண்ணாந்து பார்த்தார். மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "ஃபேனையா டெஸ்ட் பண்ணீங்க?" என்றார். "அதுல என்ன நுண்பொருள்?"

"அந்தப் பேன் இல்ல சார். இது தலையில சுத்துறது."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டுத் தன் தலையை ஒரு முறை சொறிந்துகொண்டார், அவரை அறியாமலே. "இதை நான் எப்படிம்மா மேல அனுப்புறது? நான் சொல்றதைக் கேளுங்க. பல்பு வச்சதையே எழுதிக் கொடுங்க. வெளிச்சம் இருக்கு, விலையும் கூட, மேல கேள்வி வராது."

அந்தப் பல்புக் கண்ணாடி வந்தால் பரீட்சையில் நான் அவ்வளவுதான். தலையைக் குனிந்தபோது அவர் கால் கண்ணில் பட்டது.

"சார் கால்ல என்ன?"

"கருவேல முள்ளு. நாலு நாள் ஆச்சு. உள்ளேயே ஒடிஞ்சுபோச்சு. பழுத்து வரட்டும்னு சொல்லிட்டாங்க."

எங்கள் பக்கத்தில் வயலுக்கு வயல், வரப்புக்கு வரப்பு சீமைக்கருவேலம்தான். முள் எடுத்தே வளர்ந்தவள் நான். "எடுத்துரலாம் சார்" என்றேன்.

அவர் கூச்சப்பட்டார். வாலிநோக்கத்துக்காரி விடவில்லை. "நீங்க சொன்ன பல்புக் கண்ணாடியிலயே எடுப்போம் சார். அதுவும் ஒரு டெஸ்டுதான்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். மாஸ்டர் அவர் காலைக் கழுவித் துடைத்து ஸ்டூலில் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஊசியை ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன்.

முதலில் பல்புக் கண்ணாடி. பேட்டரிப் பெட்டியோடு வாலிநோக்கத்துக்காரி என் பின்னால் நின்றாள். சத்தியமாக நான் ஒழுங்காகத்தான் பார்க்க நினைத்தேன். ஆனால் குதிகால் தோலில் வெளிச்சம் பட்டுப் பளபளத்ததே தவிர முள் தெரியவில்லை. தலை கொஞ்சம் அசைந்தாலும் கால் காணாமல் போய்க் கட்டைவிரல் வந்தது. ஒயர் வேறு இழுத்தது. அவள் வேண்டுமென்றே இழுத்தாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. இரண்டு தரம் ஊசி தவறான இடத்தில் குத்தியது. "இருக்கட்டும்மா, விடுங்க" என்றார் சார்.

"இன்னும் ஒரே ஒரு தரம் சார்" என்று கறுப்புக் கண்ணாடியை இறக்கிக்கொண்டேன். தோலுக்கடியில் மிளகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. அதன் பக்கத்தில் தோலை மெல்ல நீக்கினேன், முனை தெரிந்தது. கல் எடுக்கும் சாமணத்தால் பிடித்து, போன வழியிலேயே இழுத்தேன். வந்துவிட்டது. வெள்ளைத் தாளில் வைத்தோம், நெல்லு மணி நீளம் இருந்தது. அவர் காலைத் தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தார்.

"அதை இங்க குடுங்க" என்று கண்ணாடியைக் கேட்டு மாட்டிக்கொண்டு முள்ளைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த ஜோரிலேயே மேசையில் இருந்த தோடுகளையும் எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

"இது யாரு பண்ணது? கல்லு குப்புற இருக்கு."

மாஸ்டர் மறுபடி விட்டத்தைப் பார்த்தார். "நான்தான் சார்" என்றேன். "கண்ணாடி வர்றதுக்கு முந்திப் பண்ணது."

"வந்தப்புறம் பண்ணது இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கு நகைத்தொழில் தெரியாது. ஆனால் எது கோணல், எது நேர் என்பது யாருக்கும் தெரியும். பேனாவை எடுத்து அறிக்கையில் 'நகரும் நுண்பொருள்கள்' என்பதை அடித்தார். அதற்கு மேல் தன் கையெழுத்தில், 'உடலில் தைத்த நுண்பொருளை அகற்றுமளவு துல்லியம் நேரில் கண்டறியப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டார்.

"எண்ணிக்கை அதிகம்னு இருக்கே சார், அதையும் ஒண்ணுன்னு மாத்துங்க" என்றாள் வாலிநோக்கத்துக்காரி. மாற்றினார்.

பரீட்சை வரைக்கும் மாதிரிக்கு வந்த அந்த ஒரே கறுப்புக் கண்ணாடியையே பன்னிரண்டு பேரும் முறைவைத்துப் போட்டுக்கொண்டோம். நான் தேறினேன். பன்னிரண்டு கண்ணாடி வந்து சேர்ந்தபோது பயிற்சி முடிய மூன்று வாரம்தான் இருந்தது. அதே கறுப்புதான், ஆனால் அதிலும் நம்பர் உண்டு. மேலே யாரோ, பெரிய நம்பர் என்றால் உசத்தி என்று நினைத்து, எல்லாவற்றுக்கும் பெரிய நம்பர் கண்ணாடியாகவே போட்டு வாங்கியிருந்தார்கள். மூக்கில் கல் இடித்தது. மாஸ்டரும் நானும் வாலிநோக்கத்துக்காரியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினோம். கடைக்காரர், "கூட நம்பர்தானேம்மா குடுத்திருக்கோம், எதுக்கு மாத்தணும்?" என்றார். எங்களுக்கு என்ன நம்பர் என்று தெரியாது. "ஒரு சாண் தள்ளி வச்சா தெளிவாத் தெரியணும்" என்று கடை மேசையில் சாண் போட்டுக் காட்டினாள் வாலிநோக்கத்துக்காரி. அவர் ஒவ்வொன்றாகக் கொடுத்தார், அவள் ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு கடையில் இருந்த பெண் ஒருத்தியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் காலை மிதித்தேன்.

பயிற்சி முடிந்ததும் கண்ணாடியை ஆளுக்கு ஒன்றாக எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள், நான் ஊரிலிருந்தே வேலை பார்த்தேன். ராமநாதபுரம் கடைகளிலிருந்து தோடும் மூக்குத்தியும் வாங்கிவந்து கல் வைத்துக் கொடுப்பேன். வாரத்துக்கு இரண்டு நாள் பஸ், ஜன்னலோரம். அப்புறம் ஒரு கண் முகாமில் பரிசோதித்து, படிக்கிற கண்ணாடி போட்டிருக்க வேண்டிய வயசு என்றார்கள். போட்டேன். அந்தக் கறுப்புக் கண்ணாடியை அதற்கு மேலேயே இறக்கிக்கொள்ள இடம் இருந்தது.

என் வீட்டுக்காரர் முதலில் அதைக் கிட்டத்தில்கூட வரவிடவில்லை. விதைநெல்லில் வண்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் மாட்டிப் பார்த்தார், பிடித்துவிட்டது. அதற்கப்புறம் உரமூட்டையில் உள்ள சின்ன எழுத்து, மாட்டின் உண்ணி, தன் கை ரேகை என்று எதையாவது எடுத்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு வேலை கெடும். ஒரு நாள் மத்தியானம் அதை மாட்டிக்கொண்டு சாப்பாடு போட்ட என் முகத்தைப் பார்த்தார்.

"ஏத்தா, உனக்கு மீசை இருக்கு" என்றார். ரொம்ப நிதானமாக, சந்தோஷமாகச் சொன்னார்.

நான் சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு, அவர் தலையிலிருந்து கண்ணாடியைக் கழற்றி நான் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவர் காதுக்குள் பார்த்தேன். பார்த்ததை ஒன்று விடாமல், மோர் ஊற்றிக்கொள்ளும் வரைக்கும் வரிசையாகச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வண்டு பார்க்க வேண்டுமென்றால் நெல்லைக் கொண்டுவந்து என்னிடம்தான் கொடுப்பார்.